ஒரு தொண்டை, மூன்று வேலை: பாடகராகவும் பாட்டு வாத்தியாராகவும் குரல் ஆராய்ச்சியாளராகவும் ஆக நினைப்பவர்களுக்கு

மாதத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியோடு என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயது. வர்ணம், கிருதி எல்லாம் பாடம் ஆகியிருக்கும். ஒன்றிரண்டு மத்தியானக் கச்சேரி பாடியிருப்பார். கல்லூரியில் இயற்பியலோ எலெக்ட்ரானிக்ஸோ படித்திருப்பார். "பாடவும் வேண்டும், சொல்லிக்கொடுக்கவும் பிடிக்கும், குரல் எப்படி வேலை செய்கிறது என்று ஆராயவும் ஆசை. மூன்றையும் சேர்த்துச் செய்ய முடியுமா?"

முடியும். நான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் மூன்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்க முடியாது. மூன்றும் ஒரே அளவு சோறும் போடாது. எதை முதலில் பிடிப்பது, எதைத் தள்ளிவைப்பது என்று வருகிறவர்களிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கர்நாடக சங்கீதக்காரி, சென்னைவாசி. உதாரணங்களும் அங்கிருந்தே வரும்.

இந்த மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களில் முன்னோடி என்று நான் நினைப்பது மானுவேல் கார்சியாவை. ஸ்பெயின் நாட்டுப் பாடகர் குடும்பம். இளம் வயதிலேயே ஓபரா மேடை ஏறி, அளவுக்கு மீறிப் பாடிக் குரலைக் கெடுத்துக்கொண்டு, மேடையைச் சீக்கிரமே விட்டு வாத்தியார் ஆனவர். பாடும்போது தொண்டைக்குள் என்னதான் நடக்கிறது என்ற கேள்வி அவரை நச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. 1854இல், பல் வைத்தியர் வைத்திருக்கும் நீளக் காம்புள்ள சின்னக் கண்ணாடியை உள்நாக்குக்குப் பக்கத்தில் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலை வாய்க்குள் திருப்பிவிட்டு, தன் குரல் நாண்கள் திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். அடுத்த வருடம் லண்டன் ராயல் சொசைட்டியில் அது கட்டுரையாகப் போனது. இன்றைக்கு இ.என்.டி. மருத்துவர் நம் தொண்டைக்குள் விடும் கேமராவுக்கு அந்தக் கண்ணாடிதான் கொள்ளுத் தாத்தா. மனிதர் 101 வயது வரை இருந்தார்.

அவர் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்தக் கேள்வி ஆய்வகத்தில் பிறக்கவில்லை, பாட்டு வகுப்பில் பிறந்தது. இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கப்போவதும் அங்கேதான்.

முதலில் பாட்டு

ஆராய்ச்சிக்கு வருகிறவர்களில் பலர் பாட்டை 'ஓரளவு' தெரிந்துகொண்டு வருகிறார்கள். அந்த 'ஓரளவு' பெரிய ஆபத்து. தோடி ராகத்தை யாராவது பாடச் சொல்லி, சுருதி ஏறி இறங்குவதைக் கணினியில் கோடாகப் போட்டுப் பாருங்கள். வாய் 'க' என்று சொல்கிற நேரத்தில் கோடு காந்தாரத்தில் நிற்கவே நிற்காது. கீழே ரிஷபத்தைத் தொட்டு, மேலே மத்யமத்தைத் தொட்டு ஊஞ்சலாடும். பாட்டுத் தெரியாதவர் அதைப் பார்த்தால் 'பாடகர் சுருதி தவறுகிறார்' என்று எழுதிவிடுவார். பாட்டுத் தெரிந்தவருக்கு அந்த ஊஞ்சல்தான் காந்தாரம்.

அதனால் குறைந்தது மூன்று வருடம் பாட்டு மட்டும். விடியற்காலையில் மந்த்ர ஸ்தாயி (கீழ் ஸ்தாயி) சாதகம், சரளி, ஜண்டை என்கிற ஆரம்ப வரிசைகள் 'ஆ' என்று அகாரத்தில் மூன்று காலம் (வேகம்), தினம் ஒரு வர்ணம் இரண்டு காலத்தில். இதில் புதுசு ஒன்றும் இல்லை, உங்கள் குருவும் இதைத்தான் சொல்லியிருப்பார். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: பக்கவாத்தியத்தோடு ஒன்றரை மணி நேரக் கச்சேரி பாடிவிட்டு, மறுநாள் காலை தொண்டை கட்டாமல் பேச முடிகிறதா? முடிகிறது என்றால் அடுத்த படிக்கு வரலாம்.

இந்தக் கட்டத்திலேயே சுருதியை, அதாவது உங்கள் ஆதார ஷட்ஜம் எந்த உயரத்தில் என்பதை, முடிவு செய்துவிடுங்கள். அதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். பெண்களுக்குப் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஆறு கட்டை, ஆண்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு. ஆனால் குருவின் சுருதியிலேயே பாடிப் பாடி, அதுதான் தன் சுருதி என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். மந்த்ர பஞ்சமம் காதில் விழுகிற மாதிரி கேட்கவேண்டும், தார ஸ்தாயி (மேல் ஸ்தாயி) பஞ்சமத்துக்குக் கள்ளக்குரலில் தப்பித்துப் போகாமல் ஏறவேண்டும். இரண்டும் நடக்கிற இடம் எதுவோ அதுதான் உங்கள் கட்டை. அரைக் கட்டை இறக்கினால் கௌரவம் போய்விடாது.

ஆல் இந்தியா ரேடியோ ஆடிஷனையும் இந்த வருடங்களிலேயே முயன்று பாருங்கள். பி, பி ஹை, ஏ, டாப் என்று அவர்கள் தரும் கிரேடு, உங்களை நேரில் கேட்டிராதவர்களுக்கும் உங்கள் பாட்டின் தரத்தைச் சொல்லும். பிற்பாடு ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்த ஒரு வரி உதவும்.

உங்கள் குரலையே பதிவு செய்து பழகுங்கள்

இரண்டாவது படிக்கு ஆய்வகம் வேண்டாம். ஒரு மடிக்கணினி, சுமாரான மைக் ஒன்று, பிராட் என்ற மென்பொருள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் எழுதியது, இலவசம். பேச்சொலி ஆராய்கிறவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்துவது இதைத்தான். முழுப் பாட்டை அலச லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் சோனிக் விஷுவலைசர் வசதியாக இருக்கும். அதுவும் இலவசம்.

நான் முதன்முதலில் பதிவு செய்த கதையைச் சொல்கிறேன். பக்கத்தில் மின் தம்பூராவை வைத்துக்கொண்டு ஷட்ஜத்தை நீட்டிப் பிடித்து, கார்வை கொடுத்துப் பாடினேன். திரையில் கோடு ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி வந்தது. இரண்டு நாள் அந்தப் படத்தைப் பார்ப்பவர்களிடம் எல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான் கவனித்தேன்: நான் மூச்சு வாங்குகிற இடத்திலும் கோடு அப்படியே நேராகப் போகிறது. மென்பொருள் அளந்தது என் ஷட்ஜத்தை அல்ல, தம்பூராவின் ஷட்ஜத்தை.

அதற்கப்புறம் நான் கடைப்பிடிக்கும் முறை இது:

1. தம்பூராவை ஒரு காதில் மட்டும் இயர்போனில் வைத்துக்கொள்ளுங்கள். மறு காது உங்கள் குரலுக்கு.
2. மின்விசிறியை அணைத்துவிடுங்கள், ஏ.சி.யையும்தான். வேர்க்கும், பரவாயில்லை.
3. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதி வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். தலையை ஆட்டிப் பாடுகிற பழக்கம் இருந்தால் தலையில் மாட்டும் மைக்தான் சரி.
4. கோப்பு வேவ் வடிவத்தில், 44.1 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவை ஆராய்ச்சிக்கு எடுக்காதீர்கள், அனுப்பும்போதே அது சுருங்கிவிடுகிறது.
5. கோப்பின் பெயரில் தேதி, கட்டை, ராகம் மூன்றும் இருக்கட்டும். 'புதுசு_கடைசி_2' என்று பெயர் வைத்து நான் பட்டது போதும்.

அப்புறம் மென்பொருளின் எல்லைகளை மாற்றவேண்டும். பிராட்டின் பல பதிப்புகளில் சுருதி தேடும் எல்லை 75 ஹெர்ட்ஸ் முதல் 500 ஹெர்ட்ஸ் வரை என்று பேச்சுக்காக வைத்திருப்பார்கள். ஐந்தரைக் கட்டைப் பெண்ணின் ஆதார ஷட்ஜம் ஏறக்குறைய 208 ஹெர்ட்ஸ், தார ஷட்ஜம் 415, தார ஸ்தாயி அந்தர காந்தாரம் 519. அதாவது தார காந்தாரத்துக்கு வந்தவுடன் கோடு காணாமல் போகும், இல்லையென்றால் ஒரு ஸ்தாயி கீழே குதிக்கும். பாடினவர் மேல் தப்பில்லை. மேல் எல்லையை 800க்கு ஏற்றி வைத்தால் சரியாகிவிடும்.

வரும் எண்களை ஹெர்ட்ஸில் விட்டுவிடாமல் சென்ட்டுக்கு மாற்றுங்கள். ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட், பஞ்சமம் 702. அப்போதுதான் ஐந்தரைக் கட்டை மாணவியையும் ஒரு கட்டை மாணவனையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

ஆறு மாதம் இப்படி உங்கள் குரலையே பதிவு செய்தாலே, காதுக்குப் பட்டதும் திரையில் தெரிவதும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று பிடிபட ஆரம்பிக்கும். முரண்படுகிற இடத்தில் உடனே திரையின் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். பத்தில் ஏழு தடவை காதுதான் சரியாக இருந்திருக்கிறது (இது என் அனுபவக் கணக்கு, ஆராய்ச்சி முடிவு இல்லை).

வகுப்பு

சொல்லிக்கொடுப்பதை 'வருமானத்துக்காக' என்று ஒதுக்கிவைக்கிறவர்கள் இந்த வழியில் ரொம்ப தூரம் போவதில்லை. நல்ல கேள்வி கிடைக்கிற இடமே அதுதான்.

என்னிடம் வந்த ஒரு மாணவி, நல்ல சாரீரம், ஐந்தரைக் கட்டை. தார ஷட்ஜத்தில் 'ஆ' பாடினால் மணி மாதிரி ஒலிக்கும். அதே இடத்தில் 'நீ' என்று சாகித்யம் (பாட்டின் சொல்) வந்தால் தொண்டை இறுகிக் கீச்சென்று ஆகிவிடும். எனக்குச் சின்ன வயதில் கிடைத்த அறிவுரையை அப்படியே அவளுக்கும் சொன்னேன்: "சிரிச்ச மாதிரி வாயை வச்சுக்கோ." இன்னும் மோசமாகியது.

விஷயம் இதுதான். ஒவ்வொரு உயிரெழுத்துக்கும் வாய்க்குழி சில அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கும், ஒத்ததிர்வு என்பது இதைத்தான். பெண்களின் 'ஈ'க்கு அதில் முதலாவது 300, 400 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கிறது. 'ஆ'வுக்கு அது 700ஐத் தாண்டும். அவள் பாடுகிற தார ஷட்ஜமோ 415. அதாவது சுருதி, 'ஈ'யின் முதல் ஒத்ததிர்வைத் தாண்டிப் போய்விட்டது. வாய்க்குழியின் உதவி கிடைக்காததால் தொண்டை அமுக்கி ஈடுகட்டப் பார்க்கிறது. தாடையைக் கொஞ்சம் தளர்த்தி வாயைத் திறந்தால் அந்த ஒத்ததிர்வு மேலே ஏறிச் சுருதிக்குக் கை கொடுக்கும். ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் யோஹான் சுண்ட்பெரி 1970களில் ஓபராப் பாடகிகளிடம் கண்டு எழுதியது இதைத்தான். அவளிடம் "கீழ்த்தாடையை ஒரு விரல் இறக்கு, நாக்கை 'ஈ'யிலேயே வை" என்றேன். இரண்டாவது முயற்சியிலேயே குரல் விடுபட்டது.

ஆனால் அத்தோடு முடியவில்லை. வாயைத் திறக்கத் திறக்க 'நீ' என்பது 'நே' மாதிரி ஆகிறது. ஓபராவில் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். நம் ரசிகர்கள் சாகித்யம் சிதைந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். எவ்வளவு திறந்தால் குரலும் விடுபடும், சொல்லும் கெடாது? பிறமொழிப் பாடகிகளைப் பற்றிய ஆய்வில் இதற்குப் பதில் கிடைக்காது. தமிழ், தெலுங்கு சாகித்யத்தை வைத்து நாம்தான் பார்க்கவேண்டும். ஒரு எம்.ஏ. ஆய்வேட்டுக்கு இந்த ஒரு கேள்வி தாராளம்.

மேற்கத்திய குரல் ஆய்வை அப்படியே இறக்குமதி செய்யக்கூடாது என்பதற்கு இன்னொரு உதாரணமும் உண்டு. ஓபராப் பாடகர்கள், முக்கியமாக ஆண்கள், 3000 ஹெர்ட்ஸ் வாக்கில் குரலுக்கு ஒரு முகடு வரவழைத்துக்கொள்கிறார்கள். ஆர்கெஸ்ட்ராவின் சக்தி 500 ஹெர்ட்ஸைச் சுற்றி நிறைந்து மேலே போகப்போகக் குறைவதால், மைக் இல்லாமலே அதைத் தாண்டிக் கேட்க அந்த முகடு உதவுகிறது. பாடப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக இது இருக்கும். மைக் வைத்து, ஒரு வயலின், ஒரு மிருதங்கத்தோடு பாடுகிற நமக்கு அது முதல் கவலையே இல்லை. பிருகா என்கிற வேக ஸ்வரக் கோவை சுத்தமாக விழுகிறதா, அடங்கின குரலில் கமகம் என்கிற ஸ்வர அசைவு மங்காமல் இருக்கிறதா, இவைதான் நம் கவலைகள்.

ஆண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் மகரக்கட்டுக்குத் தயாராக இருக்கவேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல் குரல்வளை வளர்ந்து, நாண்கள் நீண்டு தடித்து, சில மாதங்களில் குரல் ஒரு ஸ்தாயி வரை இறங்கிவிடும். நடுவில் எந்தக் கட்டையும் ஒத்துவராத காலம் ஒன்று உண்டு. "கொஞ்ச நாள் மிருதங்கம் கத்துக்கட்டும்" என்று நிறுத்திவிடுகிற வீடுகள் அதிகம். அப்படி நின்றவர்களில் பலர் திரும்பி வருவதே இல்லை. நான் நிறுத்துவதில்லை. வசதியான நாலைந்து ஸ்வரத்துக்குள் வரிசைகளைச் சுருக்கிக்கொண்டு, மாதாமாதம் சுருதியை மறுபடி பார்த்து வைப்பேன். பெற்றோர் சம்மதித்தால் மாதம் ஐந்து நிமிடம் பதிவும் செய்வேன். ஒரே பையனின் பன்னிரண்டு மாதப் பதிவு சாமானியமாகக் கிடைக்கிற பொருள் இல்லை.

இனி வாத்தியாரின் தொண்டை. ஐந்தரைக் கட்டை ஷட்ஜத்தை ஒரு மணி நேரம் இடைவிடாமல் பிடித்தால் குரல் நாண்கள் ஏறக்குறைய ஏழரை லட்சம் தடவை ஒன்றோடொன்று மோதும். வகுப்பில் இடைவிடாமல் பாடமாட்டோம்தான், ஆனால் பாடாத நேரத்தில் பேசிக்கொண்டிருப்போம். நியூ ஜெர்சிப் பிள்ளைகளுக்கு இரவு எட்டரை என்றால் கோடையில் இங்கே காலை ஆறு. தூங்கி எழுந்த தொண்டையோடு நேராக ஜூமில் உட்கார்ந்து, அவர்களுக்குக் கேட்கவேண்டுமே என்று கத்துவதுதான் எனக்குத் தெரிந்த பல வாத்தியார்களின் குரலைக் கெடுத்தது. அரைமணி முன்னால் எழுந்து, ஒரு டம்ளர் தண்ணீர், பிறகு ஸ்ட்ரா. இளநீர்க் கடையில் கொடுக்கிற சாதாரண ஸ்ட்ராவை உதட்டில் வைத்து, அதன் வழியாக 'ஊ' என்று மந்த்ரத்திலிருந்து மத்ய ஸ்தாயி வரை மெதுவாக ஏறி இறங்குங்கள். வாய் முனை குறுகுவதால் நாண்களுக்கு மேலே காற்றழுத்தம் கூடும், அவை மெத்தென்று மோதும். அமெரிக்காவில் இங்கோ டிட்சே என்ற இயற்பியலாளர் பல வருடம் ஆராய்ந்து பரப்பிய பயிற்சி இது. அவரும் பாடுகிறவர்தான். நம் ஆட்கள் வாயை மூடி 'ம்'காரத்தில் சாதகம் பண்ணச் சொன்னதும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது.

ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதியை இரு பக்கமும் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் தம்பூராவை அது இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும், நீங்கள் சுருதியை விளக்கியே தொண்டைத் தண்ணீர் வற்றிப்போவீர்கள்.

ஒரு எல்லையை மட்டும் தாண்டாதீர்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால், மாணவருக்கோ உங்களுக்கோ, இ.என்.டி. மருத்துவரிடம் போகவேண்டும். மிளகும் அதிமதுரமும் கமறலுக்கு இதமாக இருக்கும், நாண்களில் முடிச்சு இருந்தால் அதைக் காட்டாது. கிசுகிசுவென்று பேசுவதும் ஓய்வு இல்லை, ஓய்வு என்றால் வாய்மூடி இருப்பதுதான். பாட்டு வாத்தியார் குரல் சிகிச்சையாளர் அல்ல. இந்தியாவில் அந்த வேலைக்கு அதற்குரிய பட்டமும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவும் வேண்டும்.

எந்தக் கதவு வழியாகப் போவது

முறையாக ஆராய்ச்சி செய்ய மூன்று கதவுகள் இருக்கின்றன.

சங்கீதத்தின் கதவு: எம்.ஏ. இசை, அப்புறம் முனைவர் பட்டம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத் துறை, அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 2013இல் தொடங்கிய, இப்போது ஜெ. ஜெயலலிதா பெயரில் இருக்கும் தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் என்று இடங்கள் உண்டு. கல்லூரி வேலைக்கும் ஆராய்ச்சிக்கும் தகுதி பார்க்கிற யு.ஜி.சி. நெட் தேர்வில் இசை தனிப் பாடம். அதில் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்துவிட்டால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. குரல் அறிவியல் செய்யப்போகிறீர்கள் என்றால் ஒலியியல் தெரிந்த இணை வழிகாட்டி ஒருவரைச் சேரும்போதே பிடித்துவிடுங்கள். நான் மூன்றாவது வருடத்தில்தான் தேடினேன், கிட்டத்தட்ட ஒரு வருடம் வீணாயிற்று.

மருத்துவத்தின் கதவு: பேச்சு, கேட்டல் கோளாறுகளைப் பற்றிய பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற நான்கு வருடப் பட்டம், அதில் கடைசி வருடம் பயிற்சி. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்திருக்கவேண்டும். மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது, சென்னையில் போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் இருக்கிறது. பாடகர்களின் குரல் கோளாறுகளோடு நேரடியாக வேலை செய்ய ஆசை என்றால் இந்தக் கதவுதான். பள்ளி முடிக்கிற வயதிலேயே முடிவெடுக்கவேண்டும் என்பதுதான் கஷ்டம்.

பொறியியலின் கதவு: 2011இலிருந்து சில வருடங்கள், பார்சிலோனாவில் சேவியர் செரா தலைமையில் காம்ப்மியூசிக் என்ற திட்டம் நடந்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸும் அதில் பங்கெடுத்தது. கர்நாடகப் பாடகர்களும் கணினிக்காரர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ராகத்தை அடையாளம் காட்டும் பிடிகளைக் கணினி கண்டுபிடிக்குமா என்று பார்த்தார்கள். அதன் வழியாக வந்த சரகா என்ற பதிவுத் தொகுப்பில் குரல், வயலின், மிருதங்கம் தனித்தனித் தடங்களாக உள்ள கச்சேரிகள் கிடைக்கின்றன. என்னைத் தம்பூரா ஏமாற்றியதே, அந்தச் சங்கடம் அதில் குறைவு. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் வேறெதையும் தேடாமல் இதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

மேடைக்காரர் ஆராய்ச்சியில் இறங்கினால் இரண்டும் கெடும் என்று சொல்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். எஸ். ராமநாதன் பெயரைச் சொல்லுங்கள். மேடையில் பாடினார், ஏராளமானவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்து அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் வாங்கினார்.

முதல் ஆய்வு

சின்னதாக வையுங்கள். 'கர்நாடக இசையில் குரல் வளம்' என்று தலைப்பு எழுதிக்கொண்டு வருகிறவரை நான் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். 'தார ஷட்ஜத்தில் ஈகாரம் பாடும்போது ஐந்தரைக் கட்டைப் பாடகிகள் வாயை எவ்வளவு திறக்கிறார்கள்' என்று வந்தால் உட்காரச் சொல்வேன். ஆறேழு பேர், ஒரே ராகம், ஒரே வரி, ஒவ்வொருவரும் மூன்று தடவை. யார் பாடியது என்று தெரியாமல் இரண்டு மூத்த வித்வான்களைக் கேட்கச் சொல்லி அவர்கள் அபிப்பிராயத்தையும் எழுதிவாங்குங்கள். எண்ணும் காதும் இரண்டும் இல்லாமல் நம் துறையில் யாரையும் நம்பவைக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. மருத்துவர்கள் குரல் நடுக்கத்தை அளக்க வைத்திருக்கும் ஜிட்டர், ஷிம்மர் போன்ற அளவுகள் அசையாமல் பிடித்த ஒரே ஸ்வரத்துக்கானவை. கமகத்தோடு பாடினதை அதில் போட்டால் எம்.எஸ். சுப்புலட்சுமி குரலுக்கும் 'நோய்' என்று வரும். அதேபோல் உச்ச ஸ்தாயியில் மென்பொருள் காட்டும் ஒத்ததிர்வு எண்களை நம்பாதீர்கள். சுருதி ஏற ஏற ஸ்வரத்தின் மேலொலிகள் தள்ளித் தள்ளி விழுவதால், முகடு எங்கே என்று அதற்கே தெரியாது. அதனால்தான் வாய்த் திறப்பைக் கேமராவில் படம் பிடித்து அளக்கச் சொல்கிறேன். நாண்கள் மூடுவதைப் பார்க்கவேண்டும் என்றால் கழுத்தின் இரு பக்கமும் சின்னத் தகடு வைத்து அளக்கும் இ.ஜி.ஜி. கருவி இருக்கிறது. சொந்தமாக வாங்கவேண்டாம், அது இருக்கிற துறையோடு சிநேகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்மதம் வாங்குவதில் நம் துறைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. குரு கேட்டால் எந்தச் சிஷ்யை மாட்டேன் என்பாள்? "பதிவு பண்ணிக்கலாமா?" என்று நான் கேட்பதே நிர்ப்பந்தம்தான். அதனால் என் மாணவர்களிடம் நான் கேட்பதில்லை, வேறொருவரை விட்டுக் கேட்கச் சொல்வேன். யார் ஒத்துக்கொண்டார்கள், யார் மறுத்தார்கள் என்பது படிப்பு முடியும் வரை எனக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி இதற்கெல்லாம் முன்னால். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து.

பணமும் நேரமும்

சுருக்கமாகச் சொல்கிறேன். மாதா மாதம் வருவது வகுப்புப் பணம். கச்சேரிப் பணம், ஆரம்ப வருடங்களில் பக்கவாத்தியக்காரர்களுக்குக் கொடுத்து ஆட்டோவுக்கும் கொடுத்தால் தீர்ந்துவிடும். சில சமயம் கையைக் கடிக்கும். ஆராய்ச்சி, உதவித்தொகை இருக்கும்வரை சோறு போடும், அப்புறம் வேலை கிடைத்தால் உண்டு.

நேரத்தை நாள் கணக்கில் பிரிக்காமல் பருவக் கணக்கில் பிரித்துக்கொண்டதுதான் என்னைக் காப்பாற்றியது. அக்டோபர் முதல் ஜனவரி வரை மேடை. அந்த மாதங்களில் புது மாணவர் சேர்ப்பதில்லை, ஆய்வில் வாசிப்பு மட்டும். பிப்ரவரி முதல் மே வரை பதிவுகள், அளவெடுப்பு. ஜூனிலிருந்து எழுத்து, புது மாணவர்கள். வகுப்பு ஒருநாளும் முழுசாக நிற்காது, ஆனால் ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுப்பதில்லை. கச்சேரிக்கு முந்தின நாள் வகுப்பே இல்லை. இதைச் சொன்னால் சில பெற்றோர் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

ஆய்வை மேடைக்குக் கொண்டுபோவது

மூன்று வேலையும் ஒன்றாகச் சேரும் இடம் லெக்-டெம், அதாவது பாடிக் காட்டி விளக்கும் உரை. மியூசிக் அகாடமியில் டிசம்பர் காலைகளில் நடப்பது பிரசித்தம், வேறு சபாக்களிலும் வாய்ப்பு உண்டு. அங்கே முதல் தடவை நான் செய்த தப்பு, நாற்பது ஸ்லைடு கொண்டுபோனது. ஏழாவது ஸ்லைடில் பாதிச் சபை கேன்டீனுக்குப் போய்விட்டது. இப்போது முதலில் பாடிவிடுவேன். அதே வரியை இரண்டு விதமாகப் பாடி, எது எப்படிப் பட்டது என்று சபையையே கேட்பேன். அவர்கள் காதில் வித்தியாசம் விழுந்த பிறகு ஒரே ஒரு படம். எட்டு ஸ்லைடுக்கு மேல் எடுத்துப் போவதில்லை.

கேள்வி நேரத்தில் முன்வரிசையில் ஒரு மாமா எழுந்து, "இந்த கிராஃப் எல்லாம் இல்லாமலே அந்தக் காலத்து வித்வான்கள் பாடலையா?" என்று கேட்பார். கேட்காத வருடம் இல்லை. "பாடினார்கள் மாமா. பாட முடியாமல் நின்றுபோனவர்களைப் பற்றித்தான் யாரும் எழுதி வைக்கவில்லை" என்பேன். அவர் தலையாட்டிக்கொண்டே உட்காருவார், ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது.

போகும்போது ஸ்லைடைப் பென் டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ப்ரொஜெக்டருக்கான கேபிள் உங்கள் பையிலேயே இருக்கட்டும், சபாவில் இருக்கும் என்று நம்பாதீர்கள். தம்பூராவை மடிக்கணினியின் ஸ்பீக்கரிலிருந்து போடாதீர்கள். ஸ்லைடில் ஒலி வரும்போது இரண்டும் கலந்து, எந்த ஷட்ஜம் யாருடையது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.